தெருவரை வந்த இணையம் வீட்டுக்குள் வருவதற்கு: உள்ளாட்சி நிதியும் பிராட்பேண்டும்

ஒரு ஊரின் எந்தத் தெருவரை இணைய வடம் வரும் என்பதை, அதைப் போடுகிற நிறுவனமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. போட்ட முதல் எத்தனை ஆண்டுகளில் திரும்பும் என்று பார்த்து, திரும்பும் தெருக்களில் வடத்தைப் போடுவதும் திரும்பாத தெருக்களை விட்டுவிடுவதும் வணிகத்தின் இயல்பு. அதற்காக எந்த நிறுவனத்தையும் குறை சொல்வதில் பொருளில்லை. ஆனால் விடுபட்ட தெருவிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும், வேலைக்கு விண்ணப்பிப்பவர்களும், மருத்துவரைக் காணொளியில் பார்க்க வேண்டிய முதியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நகராட்சியோ, கவுன்டி எனப்படும் வட்டார நிர்வாகமோ, ஊருக்குச் சொந்தமான மின் வழங்கல் அமைப்போ தன் நிதியைச் செலவிட்டு அல்லது தன் பெயரில் கடன் திரட்டி இணைய வசதியை ஏற்படுத்துவதைத்தான் உள்ளாட்சி நிதியில் பிராட்பேண்ட் என்கிறோம். இதில் வெற்றியும் தோல்வியுமாக நீண்ட அனுபவம் அமெரிக்காவில் பதிவாகியிருப்பதால், கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அந்நாட்டைச் சேர்ந்தவை.

இத்திட்டங்களைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் எவ்வளவு பணம் என்பதைச் சுற்றியே நடக்கிறது. எவ்வகைப் பணம், எந்த நிபந்தனையோடு வருகிறது, எத்தனை ஆண்டுகளுக்குத் தொடர்ந்து வரும் என்பவையே யாருக்கு இணைப்புக் கிடைக்கும் என்பதை இறுதியில் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கு முன்னால் சில அடிப்படைகளைப் பார்த்துவிட வேண்டும்.

எவ்வளவு வேகம் இருந்தால் ஒரு இணைப்பைப் பிராட்பேண்ட் என்று சொல்லலாம் என்பது காலத்துக்கேற்ப மாறும் வரையறை. அமெரிக்காவின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 2015இல் பதிவிறக்கத்துக்கு விநாடிக்கு 25 மெகாபிட், பதிவேற்றத்துக்கு 3 மெகாபிட் என்று வைத்திருந்த அளவுகோலை, 2024 மார்ச்சில் முறையே 100 ஆகவும் 20 ஆகவும் உயர்த்தியது. இவ்வாறு உயர்த்தப்படும்போது, முந்தைய நாள்வரை இணைப்புப் பெற்றதாகக் கருதப்பட்ட பல பகுதிகள் ஒரே நாளில் போதிய இணைப்பற்றவை ஆகிவிடுகின்றன. இதை வெறும் பெயர் மாற்றமாக எண்ணிவிடக் கூடாது; மானியங்கள் பெரும்பாலும் போதிய இணைப்பற்ற பகுதிகளுக்கே தரப்படுவதால், வரையறை மாறினால் பணம் பாயும் திசையும் மாறும்.

அடுத்து, சமவாய்ப்பு என்பதன் பொருள். வீட்டு வாசல்வரை வடம் வந்திருப்பது ஒன்று; மாதக் கட்டணத்தைக் குடும்பத்தால் தொடர்ந்து கட்ட முடிவது மற்றொன்று; வீட்டில் கணினி இருந்து, அதைப் பயன்படுத்தத் தெரிந்திருப்பது இன்னொன்று. கிராமப்புறங்களில் முதலாவதுதான் முதன்மையான தடை. பெருநகரங்களிலோ இணையம் இல்லாத வீடுகளில் மிகுதியானவை வாசலில் வடம் இருந்தும் இணைப்பு எடுக்காதவை. இவ்விரண்டையும் ஒரே மருந்தால் தீர்க்க முயலும் திட்டங்கள் ஏமாற்றம் தருவதில் வியப்பில்லை.

தனியார் கணக்கு எங்கே நின்றுவிடுகிறது

கண்ணாடி இழை வடத்தைப் போடுவதில் பெருஞ்செலவு இழையால் வருவதில்லை; தோண்டுவதாலும், குழாய் பதிப்பதாலும், மின்கம்பங்களில் இடம்பிடித்து ஏற்கெனவே இருக்கும் கம்பிகளை நகர்த்துவதாலும், அனுமதிகள் வாங்குவதாலும் வருகிறது. எளிமைக்காக ஒரு மைல் தொலைவுக்கு 50,000 டாலர் செலவாவதாகக் கொள்வோம். அந்த ஒரு மைலில் 100 வீடுகள் இருந்தால் வீட்டுக்கு 500 டாலர்தான். 5 வீடுகள் மட்டும் இருந்தால் வீட்டுக்கு 10,000 டாலர். செலவு ஒன்றே, பங்கிட்டுக்கொள்வோர்தாம் குறைவு. ஒதுக்குப்புறமான பண்ணை வீடுகளுக்கு எந்த நிறுவனமும் தானாக வராததன் காரணம் இந்த வகுத்தல்தான்.

நகரத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்தும் சில பகுதிகள் விடுபடுவதற்கு வேறொரு எண் காரணமாகிறது. வடம் கடந்து செல்லும் வீடுகளில் எத்தனை விழுக்காடு வீடுகள் சந்தாதாரர்களாகச் சேரும் என்பதே அந்த எண். கற்பனையாக 10,000 வீடுகள் உள்ள ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடந்து வடம் போட 1,200 டாலரும், சேர விரும்பும் வீட்டுக்கு உள்ளே இணைப்புக் கொடுக்க மேலும் 800 டாலரும் ஆவதாக வைத்துக்கொள்வோம். வாசல்வரை போடும் செலவு, யார் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், 1.2 கோடி டாலர். 3,000 வீடுகள் மட்டும் சேர்ந்தால் மொத்தச் செலவு 1.44 கோடியாகி, ஒரு சந்தாதாரர் தலையில் 4,800 டாலர் விழும். 6,000 வீடுகள் சேர்ந்தால் மொத்தச் செலவு 1.68 கோடியாகக் கூடினாலும் ஒருவருக்கான பங்கு 2,800 டாலராகக் குறையும். வட்டியை ஒதுக்கிவிட்டு 20 ஆண்டுகளுக்குப் பிரித்தால், முன்னதில் மாதம் 20 டாலரும் பின்னதில் மாதம் 12 டாலருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். ஏழைக் குடும்பங்கள் மிகுந்த பகுதியில் சேர்வோர் குறைவாக இருப்பார்கள் என்று ஒரு நிறுவனம் முன்கூட்டியே எண்ணிக்கொண்டால், அப்பகுதிக்கு வடமே வராது. வடம் வராததால் யாரும் சேர மாட்டார்கள். தொடக்க எண்ணம் சரியாகிவிட்டதுபோலத் தோன்றும்.

பொது அமைப்புக்கும் இதே கணிதம்தான். நகராட்சி தோண்டினாலும் மண் இளகிக் கொடுப்பதில்லை. வேறுபாடு இரண்டு இடங்களில் உள்ளது. போட்ட முதலீட்டை 5 அல்லது 7 ஆண்டுகளில் திரும்பப் பெற வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை; 20 ஆண்டுகள், 25 ஆண்டுகள் காத்திருக்கலாம். தவிர, ஊருக்குக் கிடைக்கும் பிற நன்மைகளையும், நிறுவனத்தின் வரவுசெலவு ஏட்டில் இடம்பெறாத நன்மைகளையும், அது கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

மின்சாரத்தின் வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 1930களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. கம்பி இழுக்கும் செலவு கட்டுப்படியாகாது என்று தனியார் மின் நிறுவனங்கள் ஒதுங்கியிருந்தன. 1936ஆம் ஆண்டின் கிராம மின்மயச் சட்டம் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் தந்ததும், விவசாயிகளே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கம்பி இழுத்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டுறவுகளில் பல இன்று அதே கம்பங்களில் கண்ணாடி இழையையும் கட்டுகின்றன.

எந்தப் பணம், யாருடைய சுமை

உள்ளாட்சி அமைப்பு நிதி திரட்டும் வழிகளில் முதன்மையானது கடன் பத்திரம். அதிலும் இரண்டு வகை உண்டு. வருவாய்ப் பத்திரத்தில், இணையச் சேவையின் சந்தா வருமானத்திலிருந்து மட்டுமே கடன் அடைக்கப்படும். ஊரின் பொது வரிப்பணம் அதற்குப் பிணையாகாது. பொதுப் பொறுப்புப் பத்திரத்தில், வருமானம் போதாவிட்டால் வரிப்பணத்திலிருந்து அடைப்பதாக நகரம் உறுதி தருகிறது. ஆகவே வட்டி பொதுவாகக் குறையும். முதல் வகை வரி செலுத்துவோருக்குப் பாதுகாப்பானது என்று கேட்பவருக்குத் தோன்றும். அது உண்மைதான். ஆனால் சந்தாவிலிருந்தே கடனை அடைக்க வேண்டிய நெருக்கடியில் இருக்கும் ஒரு பொது அமைப்பு, தனியார் நிறுவனத்தைப் போலவே முதலில் வசதியான தெருக்களைத் தேடிப் போகத் தூண்டப்படுகிறது. இரண்டாவது வகையில் அந்த நெருக்கடி தளர்கிறது. திட்டம் தோற்றால் மட்டும், இணைப்பே எடுக்காதவர்களும் சேர்ந்து சுமக்க வேண்டியிருக்கும்.

அப்படிச் சுமந்த ஊர் ஒன்று உண்டு. யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரம் சுமார் 3.9 கோடி டாலர் கடனில் ஐபுரோவோ என்ற வலையமைப்பைக் கட்டியது. நகராட்சிகள் நேரடியாகச் சந்தாதாரர்களுக்குச் சேவை விற்பதை அம்மாநிலச் சட்டம் கடினமாக்கியிருந்ததால், நகரம் வலையமைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பிற நிறுவனங்கள் வழியாகச் சேவை தர வேண்டியிருந்தது; வருமானம் கடனுக்கு ஈடுகொடுக்கவில்லை. வலையமைப்பு 2013இல் 1 டாலருக்குக் கூகுள் நிறுவனத்துக்குக் கைமாறியது. கடன் மட்டும் நகரத்திடமே நின்றுவிட்டது. அதை அடைக்க வீடுகளின் பொதுச் சேவைக் கட்டணத்தில் மாதம் 5 டாலருக்குச் சற்று மேலாக ஒரு தொகை சேர்க்கப்பட்டிருந்தது. இந்தத் தொகையின் தன்மையைக் கவனிக்க வேண்டும்: மாளிகைக்கும் சிறு வீட்டுக்கும் அதே அளவு. எல்லோருக்கும் சமமான கட்டணம் என்பது காகிதத்தில் நேர்மையாகத் தெரிந்தாலும், வருமானத்தின் விகிதத்தில் பார்த்தால் ஏழையின் மீதே அதிகம் அழுத்துகிறது. விற்பனை வரியைப் பிணையாக வைக்கும் திட்டங்களுக்கும் இதே குறை உண்டு.

வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரத்தில் சிக்கல் வேறு விதமானது. நகரின் பொதுக் கருவூலத்திலிருந்து சுமார் 1.7 கோடி டாலர் தொலைத்தொடர்புத் துறைக்குப் போய்த் திரும்பாமல் நின்றது. கடன் கொடுத்த வங்கி வழக்குத் தொடுத்தது, நகரின் கடன் தரமதிப்பீடு சரிந்தது, வலையமைப்பு பின்னர் தனியாருக்கு விற்கப்பட்டது. தொழில்நுட்பம் தோற்றதென்று இதைச் சொல்ல முடியாது. கணக்கு வழக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல் நடத்தியதன் விளைவு இது. உள்ளாட்சி பிராட்பேண்டை எதிர்ப்போர் இவ்விரு ஊர்களையும் தவறாமல் சுட்டுவார்கள். சுட்டுவதில் நியாயமும் உண்டு. ஆதரிப்போர் இவற்றைப் பேசாமல் கடந்து போவதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஐடாஹோ மாநிலத்தின் அமோன் என்னும் சிறு நகரம் வேறொரு வழியைக் கண்டது. ஒரு குடியிருப்புப் பகுதியில் போதிய வீட்டுக்காரர்கள் விரும்பிச் சேர்ந்தால் மட்டும் அங்கே நகரம் வடம் போடுகிறது. சேர்ந்தவர்கள் தம் வீட்டுக்கான செலவை மொத்தமாகவோ, 20 ஆண்டுகளுக்குத் தவணையாகவோ செலுத்துகிறார்கள். விருப்பமில்லாதவர்மீது சுமை ஏறுவதில்லை. அந்த வடத்தின்வழி எந்தச் சேவை நிறுவனத்தையும் வீட்டுக்காரர் தேர்ந்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். கடன் ஆபத்தைப் பெரிதும் குறைக்கும் நேர்த்தியான ஏற்பாடு இது. ஆயினும் சொந்த வீடு இருப்பவரை மையமாக வைத்தே இது இயங்குகிறது. வாடகை வீட்டில் இருப்பவரின் இணைப்பு, வீட்டு உரிமையாளரின் விருப்பத்தில் தொங்குகிறது.

சாலை அமைப்பதை ஊர் ஏற்றுக்கொண்டு, அதில் வண்டி ஓட்டுவதை யாருக்கும் திறந்துவிடுவது போன்றது திறந்த அணுகல் முறை. சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் 1994இல் ஸ்டோகாப் என்ற தனக்குச் சொந்தமான நிறுவனத்தை இதற்காகவே தொடங்கியது. அது தன் இழைகளில் தானே இணையம் விற்பதில்லை. ஒளி பாய்ச்சப்படாத இழைகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுகிறது, வரும் வாடகையில் வலையமைப்பை விரிவாக்குகிறது. அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரத்தில் பொது மின் வழங்கல் அமைப்பு இழையைப் போட்டு, கூகுள் ஃபைபர் உள்ளிட்டோருக்குக் குத்தகைக்கு விட்டது. மேரிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரம் வடத்தைத் தன் உடைமையாக வைத்துக்கொண்டு, சேவை நடத்துவதை டிங் என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. இவ்வகைக் கூட்டுகளில் ஆபத்தும் ஆதாயமும் எப்படிப் பகிரப்படுகின்றன என்பது ஒப்பந்தத்தின் சிறு எழுத்துகளில்தான் இருக்கும்.

பெருந்தொகை இல்லாத ஊர்களுக்கும் செய்வதற்கு வேலை உண்டு. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரம் 2012 முதல் தன் தெருக்களின் அடியில் வெற்றுக் குழாய்களைப் பதித்து, நிறுவனங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தது. தோண்டும் செலவு மிச்சமானதால் வீடுகள்தோறும் இழை கொண்டுவர ஒரு தனியார் நிறுவனம் முன்வந்தது. சாலையோ குடிநீர்க் குழாயோ பழுதுபார்க்கத் தோண்டும்போதெல்லாம் ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்துப் பதித்துவிட வேண்டும் என்று விதி செய்வதற்குக் கடன் பத்திரம் எதுவும் தேவையில்லை.

சட்டானூகாவில் நடந்தது

டென்னசி மாநிலத்தின் சட்டானூகா நகரம் இந்தத் துறையில் மிக அதிகமாகப் பேசப்படும் எடுத்துக்காட்டு. அதன் கதையில் பலரும் வேகத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்: 2010இல் ஊர் முழுவதுக்கும் விநாடிக்கு 1 கிகாபிட், 2015இல் 10 கிகாபிட். நமக்கு முக்கியமானது அதன் நிதி அமைப்பு.

ஈபிபி என்று அழைக்கப்படும் நகரின் பொது மின் வழங்கல் அமைப்புதான் அந்த வலையமைப்பைக் கட்டியது. மின்தடை ஏற்பட்டால் பழுதான பகுதியைத் தானாகவே ஒதுக்கிவிட்டு வேறு வழியில் மின்சாரத்தைத் திருப்பிவிடும் அறிவார்ந்த மின்கட்டமைப்பை அமைக்க அதற்கு ஊரெங்கும் தகவல் தொடர்பு தேவைப்பட்டது. கடன் பத்திரங்களோடு, 2009இல் கூட்டாட்சி அரசு பொருளாதார மீட்புத் திட்டத்தின்கீழ் அளித்த 11.15 கோடி டாலர் மானியமும் சேர்ந்து பணியை விரைவுபடுத்தியது. ஒரே இழை மின்சாரத்துக்கும் இணையத்துக்கும் பயன்பட்டதால் செலவும் இரண்டு கணக்குகளில் பகிரப்பட்டது. சந்தா வருமானத்தை மட்டுமே நம்பியிருக்கும் ஊர்களுக்கும் இதற்கும் உள்ள இடைவெளி மிகப் பெரியது; சொந்த மின் அமைப்பு இல்லாத ஒரு நகரம் சட்டானூகாவைப் பார்த்து அப்படியே திட்டம் தீட்டுவது ஆபத்தானது. மின்கம்பங்கள், பழுதுபார்க்கும் பணியாளர்கள், மாதந்தோறும் கட்டணம் வசூலிக்கும் ஏற்பாடு, எல்லா வீடுகளுக்கும் சேவை தர வேண்டும் என்ற பழக்கம் ஆகிய நான்கும் மின் அமைப்பிடம் முன்னதாகவே இருந்தன.

வடம் எல்லாத் தெருக்களுக்கும் போய்ச் சேர்ந்தது. எல்லா வீடுகளுக்குள்ளும் போகவில்லை. பத்தாண்டுகள் கழித்து, 2020இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, உலகின் மிக வேகமான நகர வலையமைப்புகளில் ஒன்று வாசலில் இருந்தும் கட்டணம் கட்ட இயலாமையால் வகுப்புக்கு வர முடியாத மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. உடனே ஈபிபி, ஹாமில்டன் கவுன்டி பள்ளித் துறை, நகர நிர்வாகம், கவுன்டி நிர்வாகம், தனியார் அறக்கட்டளைகள் ஆகியவை சேர்ந்து எச்சிஎஸ் எட்கனெக்ட் என்ற திட்டத்தைத் தொடங்கின. பள்ளியில் இலவச மதிய உணவோ கட்டணச் சலுகையோ பெறும் சுமார் 28,000 மாணவர்களின் வீடுகளுக்கு, பதிவிறக்கத்திலும் பதிவேற்றத்திலும் விநாடிக்கு 100 மெகாபிட் இணைப்பை 10 ஆண்டுகளுக்குக் கட்டணமின்றித் தருவது அதன் இலக்கு.

அந்த 10 ஆண்டு என்ற சொல்லை மேலோட்டமாகக் கடந்துவிடக் கூடாது. ஓராண்டுச் சலுகை என்றால், அது முடிந்ததும் கட்டணம் ஏறும் என்று அஞ்சிப் பல குடும்பங்கள் சேரவே தயங்கும். 10 ஆண்டு என்றால் முதல் வகுப்பில் சேரும் பிள்ளை உயர்நிலைப் பள்ளியில் நுழையும்வரை கவலை இல்லை. தகுதியை நிரூபிக்கப் புதிதாக ஆவணங்கள் கேட்காமல், பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் உணவுத் திட்டப் பதிவைப் பயன்படுத்திக்கொண்டதும் புத்திசாலித்தனமான முடிவு. அப்படியிருந்தும் தகுதியுடைய குடும்பங்கள் எல்லாம் உடனே சேர்ந்துவிடவில்லை. அடிக்கடி வீடு மாறுவோர், இலவசம் என்றாலே ஐயப்படுவோர், தம் விவரங்கள் எங்கே போகுமோ என்று தயங்குவோர் எனப் பலரை ஒவ்வொருவராக அழைத்துப் பேசிச் சேர்க்க வேண்டியிருந்தது. அதைச் செய்வோருக்கான ஊதியமும் இணையத் திட்டத்தின் செலவில் அடங்க வேண்டியதே.

ஒருமுறை வரும் பணமும் மாதந்தோறும் வரும் கட்டணமும்

கட்டுமானம் ஒருமுறைச் செலவு. கட்டணச் சலுகை தொடர் செலவு. மேலிருந்து வரும் மானியங்கள் பெரும்பாலும் ஒருமுறைப் பணமாக இருப்பதால், அவை வடத்துக்கு நன்றாகப் பொருந்துகின்றன, கட்டணத்துக்குப் பொருந்துவதில்லை.

2021ஆம் ஆண்டின் அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 35,000 கோடி டாலரை அளித்து, குடிநீர், கழிவுநீர்ப் பணிகளோடு பிராட்பேண்டுக்கும் அதைப் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் 2024 இறுதிக்குள் பணிகளை ஒப்பந்தம் செய்து, 2026 இறுதிக்குள் செலவிட்டு முடிக்க வேண்டும். 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், பிராட்பேண்டுக்கென ஒதுக்கிய ஏறத்தாழ 6,500 கோடி டாலரில் 4,245 கோடியை பீட் எனப்படும் கட்டுமானத் திட்டத்துக்கு வைத்தது. அதில் பங்குபெறும் அமைப்பு, செலவு மிக அதிகமான பகுதிகள் நீங்கலாக, 25 விழுக்காட்டை வேறு வழியில் திரட்ட வேண்டும். உள்ளாட்சி நிதிக்கு இங்கே ஒரு நுழைவாயில் உண்டு. அதே வாயிலில் ஒரு தடுப்பும் இருந்தது: மானியத் தொகையில் 25 விழுக்காட்டுக்கு வங்கிப் பொறுப்புக் கடிதம் காட்ட வேண்டும் என்ற விதி, பெரிய நிறுவனத்துக்கு ஒரு நாள் வேலை, சிறு நகராட்சிக்கோ கூட்டுறவுக்கோ அந்தத் தொகையை முடக்கி வைப்பதே பெரும்பாடு. கண்டனங்களுக்குப் பின் 2023இல் மாற்று வழிகள் அனுமதிக்கப்பட்டன. 2025 ஜூனில் கண்ணாடி இழைக்கு முன்னுரிமை தரும் விதி உள்ளிட்ட பலவும் மாற்றப்பட்டு, மாநிலங்கள் மானியம் பெறுவோரைத் தேர்ந்தெடுக்கும் பணியை மறுபடியும் நடத்த வேண்டிவந்தது.

கட்டணச் சலுகையின் கதை இன்னும் தெளிவானது. தகுதியுள்ள குடும்பத்துக்கு மாதம் 30 டாலர்வரை, பழங்குடியினர் நிலங்களில் 75 டாலர்வரை, தள்ளுபடி தந்த கூட்டாட்சித் திட்டத்துக்கு 1,420 கோடி டாலர் ஒதுக்கப்பட்டிருந்தது. 2.3 கோடி குடும்பங்கள் அதில் சேர்ந்தன. தகுதியுடையோரில் அது பாதியைக்கூட எட்டவில்லை. இருந்தும் பணம் தீர்ந்துபோனது. புதிய நிதி ஒதுக்கப்படாததால் 2024 ஜூன் 1 அன்று திட்டம் முடிவுக்கு வந்தது. டிஜிட்டல் திறன் பயிற்சிக்கென வைக்கப்பட்டிருந்த 275 கோடி டாலர் திட்டமும் 2025 மேயில் மத்திய நிர்வாகத்தால் நிறுத்தப்பட்டது.

இவற்றிலிருந்து உள்ளாட்சி நிதியின் தனிப் பங்கு எங்கே என்பது ஓரளவு விளங்கும். மேலிருந்து வரும் பெரிய தொகையை வடத்துக்கும் கம்பத்துக்கும் விட்டுவிட்டு, ஆண்டுதோறும் சிறிதாகவேனும் உறுதியாக வரும் ஊர்ப்பணத்தைக் கட்டணச் சலுகைக்கும், வீடு வீடாகச் சென்று சேர்க்கும் பணிக்கும் வைப்பதே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். குழாய் வாடகை, கம்ப வாடகை, வலையமைப்பின் உபரி வருமானம் ஆகியவை இப்படித் தொடர்ந்து வருகிற பணம். கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் முதலில் தன் அலுவலகங்களையும் பள்ளிகளையும் சொந்த இழையால் இணைத்து, அதுவரை நிறுவனங்களுக்குக் கட்டிவந்த வாடகையை மிச்சப்படுத்தி, அந்த மிச்சத்தையே விரிவாக்கத்துக்கு முதலாக்கியது.

பணமே தேவைப்படாத ஒரு வழியும் உண்டு, அது கட்டுப்பாடு. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மாதம் 15 டாலருக்கு 25 மெகாபிட் அல்லது 20 டாலருக்கு 200 மெகாபிட் இணைப்பைத் தர வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2021இல் சட்டம் செய்தது. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளைக் கடந்து 2025 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. சிறு நகராட்சிக்கு அந்த அதிகாரம் பொதுவாக இருப்பதில்லை. ஆனால் தன் குழாயையோ இழையையோ மானியத்தையோ ஒரு நிறுவனத்துக்குத் தரும்போது, இத்தகைய கட்டணத்தை ஒப்பந்த நிபந்தனையாக வைக்கும் உரிமை அதற்கும் இருக்கிறது. பழைய பாக்கி இருப்பதைக் காரணம் காட்டிப் புதிய இணைப்பை மறுக்கக் கூடாது, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் கம்பி இழுக்க வேண்டும், வசதி குறைந்த பகுதிகளைக் கடைசிக்குத் தள்ளாமல் தொடக்கத்திலேயே சேர்க்க வேண்டும் ஆகியவற்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதலாம். கையெழுத்துக்கு முன்னால் எழுதாத நிபந்தனையைப் பின்னால் கேட்டுப் பெற்ற ஊர்கள் மிகக் குறைவு.

சட்டத் தடைகளும் வரைபடமும்

15க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் உள்ளாட்சிகள் பிராட்பேண்ட் நடத்துவதற்குத் தடையோ கட்டுப்பாடோ உள்ளது. லூசியானாவின் லாஃபயெட் நகர மக்கள் 2005இல் நடந்த வாக்கெடுப்பில் 62 விழுக்காடு ஆதரவோடு கடன் பத்திரங்களை ஏற்றார்கள். வழக்குகள் மாநில உச்ச நீதிமன்றம்வரை சென்று 2007இல் தீர்ந்து, சேவை 2009இல்தான் தொடங்கியது. வட கரோலைனாவில் வில்சன் நகரம் தன் வலையமைப்பைப் பக்கத்துச் சிற்றூர்களுக்கு நீட்டிப்பதை 2011ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. தகவல் தொடர்பு ஆணையம் 2015இல் அத்தடையை நீக்கியதும் பைன்டாப்ஸ் என்னும் சிற்றூருக்கு இணைப்புக் கொடுக்கப்பட்டது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்ததும், கொடுத்த இணைப்பைத் துண்டிக்க வேண்டிய நிலை வந்து, பிறகு மாநில சட்டமன்றத்தின் தற்காலிக விலக்கால் தப்பியது. கொலராடோவில் 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு ஊரும் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும் என்றிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களும் கவுன்டிகளும் வாக்களித்து அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து வெளியேறிய பிறகு, 2023இல் அச்சட்டமே திரும்பப் பெறப்பட்டது. அம்மாநிலத்தின் லாங்மான்ட் நகரம் தொடக்கத்தில் சேர்பவர்களுக்கு 1 கிகாபிட் இணைப்பை மாதம் 49.95 டாலருக்குத் தந்து, மேலே நாம் கணக்கிட்டுப் பார்த்த அந்தச் சேர்க்கை விழுக்காட்டை விரைவாக உயர்த்திக்கொண்டது.

திட்டம் நன்றாக நடக்கிறதா என்பதை எதை வைத்து அளப்பது என்பது கடைசியாகக் கவனிக்க வேண்டியது. தகவல் தொடர்பு ஆணையத்தின் பழைய வரைபடத்தில், மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஒரு தொகுதியில் ஒரே ஒரு வீட்டுக்குச் சேவை தர முடிந்தாலும் அந்தத் தொகுதி முழுவதும் இணைப்புப் பெற்றதாகக் காட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக 2022 நவம்பரில் வெளியான புதிய வரைபடம் தனித்தனிக் கட்டடங்களாகக் காட்டுகிறது. தவறு இருந்தால் உள்ளாட்சிகளும் குடிமக்களும் மறுப்புத் தெரிவிக்கலாம். மானியம் அந்த வரைபடத்தின்படியே பங்கிடப்பட்டதால், மறுப்பு எழுத ஆளில்லாத சிறு நிர்வாகங்கள் இழப்புக்கு உள்ளாயின. புதிய வரைபடமும் ஒரு கட்டடத்தில் சேவை கிடைக்குமா என்பதை மட்டுமே சொல்கிறது. அங்கே குடியிருப்பவர் சந்தா கட்டுகிறாரா என்பதைச் சொல்வதில்லை. அந்த இரண்டாவது விவரத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2013 முதல் தன் ஆண்டு ஆய்வில் குடும்பங்களிடம் கேட்டுத் தொகுத்துவருகிறது. பொதுப்பணத்தில் இணையம் தரும் ஒரு நகரம், எத்தனை மைல் வடம் போட்டோம் என்ற அறிக்கையோடு, எந்தப் பகுதியில் எத்தனை வீடுகள் சேர்ந்தன, எத்தனை வீடுகள் கட்டணம் கட்ட முடியாமல் விலகின என்ற அறிக்கையையும் பகுதிவாரியாக ஆண்டுதோறும் மன்றத்தில் வைக்குமாறு கேட்பதற்கு அங்கு வரி கட்டும் எவருக்கும் உரிமை உண்டு.